கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முதல் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்



போன மாதம் எங்கள் காரின் படத்தைப் போட்ட நாளிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "எங்க குடுத்துச் செஞ்சீங்க?" "எவ்வளவு முடிஞ்ச?" "எங்கட காருக்கும் சரிவருமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி முடியவில்லை. எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பதில்: எங்கேயும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் போர்ச்சில் நாங்கள் இரண்டு பேரும்தான் ஒட்டினோம். இரண்டாவது விடயம்: அந்தக் கார் இப்போது எங்களிடம் இல்லை, விற்றுவிட்டோம். எப்படி ஒட்டுவது என்பதை முதலில் சொல்கிறோம். விற்ற கதை அதற்குப் பிறகு. இரண்டாவதைச் சொல்வதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தோம்.

எங்களுடையது இருபது வயது தாண்டிய வெள்ளை நிற ஜப்பான் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் நம் எல்லாருக்கும் இருக்கிற வாகனத்தையே பேணி ஓட வேண்டிய நிலை. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்காக வெயிலில் நின்ற கார்கள்தான் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. நம்முடையது கடற்கரை ஊர். உப்புக் காற்று ஒரு பக்கம், கச்சான் காலத்து வெயில் மறுபக்கம். பெயின்ட் தாக்குப்பிடித்தாலும் ஓரங்கள் முதலில் போய்விடும். கண்ணாடிக்குக் கீழே ஓடும் நிக்கல் பீடிங்கில் வெள்ளைப் புள்ளி விழும். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவிலுள்ள கறுப்புத் தூண் சாம்பல் நிறமாகும். கையை வைத்தால் சோக்குக்கட்டி மாதிரி ஒட்டும். கார் ஓடும், ஆனால் பார்ப்பவருக்குக் கிழவனாகத் தெரியும்.

தங்கச்சியின் வீட்டுக்கு மாரிக்கு முன் பிளேட் போட வேண்டியிருந்தது. அதற்காகத்தான் காரை விற்க முடிவெடுத்தோம். புரோக்கர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பொடி நல்லாத்தான் இருக்கு சேர், இந்தக் கறுப்புகளை மட்டும் சரிபண்ணுங்க, காரே மாறிடும்" என்றார். கடையொன்றில் கூலி கேட்டோம். கேட்டதோடு வீட்டிலேயே செய்வோம் என்று திரும்பி வந்துவிட்டோம். கடைசியில் சாமானுக்கு முடிந்தது அந்தக் கூலியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பயப்பட ஒன்றுமில்லை. வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளின் புத்தகங்களுக்குக் கவர் போடுகிறோமே, அதே வேலைதான். நாங்கள் இருவரும் கல்வியியற் கல்லூரியில் இருந்தபோது, கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் முன் இரவிரவாக உட்கார்ந்து கற்றல் சாதனங்களுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போட்டவர்கள். பின்தாளை மூன்று விரல் அகலம் மட்டும் உரித்து, அடிமட்டத்தால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளி ஒட்டுவோம். ஒரே தடவையில் முழுவதையும் உரித்த ஆள் அன்றிரவு அழுதிருப்பார். காரிலும் அப்படித்தான்.

என்ன வாங்குவது? கடையில் "ரெப் ஸ்டிக்கர்" என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று கெலண்டர் வகை. பிளாஸ்டிக்கைச் சூடாக்கி உருளைகளுக்கிடையில் இழுத்துத் தட்டையாக்குவது. விலை குறைவு, தடிப்புக் கூட. இழுத்துச் செய்ததால் வெயில் பட்டதும் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். ஓரம் சுருங்கி உள்ளே போகும், பசை கோடாக வெளியே தெரியும், அதில் தூசி பிடிக்கும். மற்றது காஸ்ட் வகை. திரவமாக ஊற்றி உலரவைத்துச் செய்வது. தாள் மெல்லியதுதான். வளைவுகளில் படிந்து நிற்கும், சுருங்குவது மிகக் குறைவு. 3எம் நிறுவனத்தின் 2080, எவரி டெனிசனின் சுப்ரீம் போன்றவை இந்த வகை. நம் ஊர் வெயிலுக்குக் காஸ்ட் வகையை மட்டும் வாங்குங்கள். ரோலின் அகலம் 1.52 மீற்றர். எந்தக் கதவின் நீளத்துக்கும் அந்த அகலம் போதும். அதனால் இரண்டு மூன்று அடி வெட்டி வாங்கினாலே தூண்களுக்கும் பீடிங்குக்கும் காணும்.

மற்றச் சாமான்கள்: பாமசியில் விற்கும் ஸ்பிரிட், நூல் உதிராத துணி நாலைந்து, புதிய பிளேட் போட்ட கட்டர், மாஸ்கிங் டேப், ஓரத்தில் துணி ஒட்டிய ஸ்குவீஜி. ஸ்குவீஜி கிடைக்காவிட்டால் காலாவதியான வங்கி அட்டையொன்றில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். தலைமுடி உலர்த்தும் ட்ரையர் ஒன்று வேண்டும். கடைசிச் சூட்டுக்கு ஹீட் கன் கட்டாயம். அதை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினால் போதும்.

இனி வேலை.

இதில் முக்கால்வாசி நேரம் துப்பரவுக்குத்தான் போகும். முதலில் ஷம்பூ போட்டுக் கழுவி, பீடிங்கின் ஓரங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். பழைய கறுப்பு டேப் இருந்தால் ட்ரையரால் சூடாக்கி, மேல்நோக்கி இழுக்காமல் பொடியோடு படுக்கையாக மெதுவாக இழுங்கள். மிஞ்சும் பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம். ஆனால் அந்த எண்ணெய் இருக்கும் இடத்தில் எதுவும் ஒட்டாது. சோப்பால் கழுவி, காயவிட்டு, பிறகு ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஸ்பிரிட் தானாகக் காயும்வரை விடாமல் இன்னொரு காய்ந்த துணியால் உடனே துடைத்தெடுக்க வேண்டும். காய விட்டால் அழுக்கு திரும்பவும் அதே இடத்தில் படிந்துவிடும். டயர் பொலிஷ், டாஷ்போர்ட் பொலிஷ் அடித்த கையோடு கிட்டவே போகாதீர்கள். அதிலுள்ள சிலிக்கன் பசையைப் பிடிக்க விடாது.

நிக்கலில் வெள்ளைப் புள்ளி எழும்பியிருந்தால் 800 ஆம் நம்பர் வோட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து மட்டமாக்குங்கள். தாள் மெல்லியது. கீழே ஒரு மணல் இருந்தாலும் மேலே பரு மாதிரித் தெரியும்.

நேரம் முக்கியம். நாங்கள் சுபஹுக்குப் பிறகு தொடங்கி எட்டு மணிக்குள் ஒட்டும் வேலையை நிறுத்தினோம். வெயில் ஏறினால் தகடு கையை வைக்க முடியாமல் சுடும். சூட்டில் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், தூக்கி மாற்றி ஒட்ட விடாது. காற்றடிக்கும் நாளும் சரிவராது, தூசி வந்துவிடும். முதல் நாள் தூண்கள், அடுத்த நாள் பீடிங் என்று நான்கு காலைகளில் முடித்தோம்.

பத்திரிகைத் தாளை வைத்து அளவு எடுத்து, சுற்றிவர இரண்டு சென்ரிமீற்றர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடிக்க, மற்றவர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். சுருக்கம் விழுந்தால் அழுத்தி மறைக்க வேண்டாம். அந்த இடம்வரை தூக்கி, லேசாகச் சூடு காட்டினால் தாள் பழைய நிலைக்கு வரும், திரும்ப ஒட்டலாம். காற்றுக் குமிழ் இருந்தால் ஓரத்தை நோக்கித் தள்ளினாலே போய்விடும். நல்ல தாளின் பசையில் காற்று வெளியேற நுண்ணிய வழிகள் இருக்கின்றன. எக்காரணம் கொண்டும் இழுத்து நீட்டி அளவைச் சரிக்கட்ட வேண்டாம். இழுத்தது ஒருநாள் திரும்பி வரும்.

வெட்டும்போது பிளேட்டைப் பெயின்ட்டின் மேல் அழுத்தவே கூடாது. மெல்லிய கீறல்தான் என்று நினைப்போம். அந்தக் கீறல் தகடுவரை போனால் அடுத்த மாரியில் அங்கிருந்துதான் துரு தொடங்கும். முடிந்தவரை இடைவெளிக்குள் பிளேட்டை விட்டு வெட்டுங்கள். வெளிப்படையான இடங்களில் வெட்டுவதற்கென்று உள்ளே நூல் வைத்த டேப் விற்கிறார்கள். அதை முதலில் ஒட்டி, மேலே தாளை ஒட்டி, நூலை இழுத்தால் பிளேட் படாமலே தாள் வெட்டுப்படும். கண்ணாடி ரப்பரில் தாள் ஒட்டாது. ரப்பருக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். பெயின்ட் பூசாத, சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்குக்கும் இது சரிவராது. ஒட்டினாலும் ஒரு மாதத்தில் எழும்பும். அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பூச்சைப் பூசுவதே நல்லது.

ஒட்டி முடிந்ததும் ஓரங்கள், மூலைகள், வளைவுகள் எல்லாவற்றையும் ஹீட் கன்னால் 90 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, துணியால் அழுத்திவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால்தான் "ஸ்டிக்கர் நிற்குதில்ல" என்ற பேச்சு வரும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டாம், கண்ணாடியும் ரப்பரும் பழுதாகும். ஒரு கிழமைக்குக் காரைக் கழுவ வேண்டாம். பிறகு சேர்விஸுக்குக் கொடுத்தாலும் தண்ணீர்த் துப்பாக்கியை ஓரங்களுக்குக் கிட்டப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொன்று, ஓரங்களை மட்டும் கறுப்பாக்குவது வேறு, முழுக் காரின் நிறத்தையும் மாற்றுவது வேறு. பதிவுச் சான்றிதழில் காரின் நிறம் எழுதப்பட்டிருக்கிறது. முழுவதும் மாற்ற நினைப்பவர்கள் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

இவ்வளவுதான் வேலை. இனி அந்த மற்ற விடயம்.

கதவுகளுக்குக் கீழே, கால் வைத்து ஏறும் இடத்தின் வெளிப்பக்கத்தில், எங்கள் காரில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. 2021 இல் நாங்கள் வாங்கும்போதே இருந்தது. அழகுக்கு ஒட்டியது என்று விற்றவர் சொன்னார். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் இன்ஜின், கியர், ஏசி எல்லாம் பார்த்துத்தான் வாங்கியிருந்தோம். நான்காம் நாள் காலை, மற்ற இடங்களோடு பொருந்த வேண்டுமே என்று அந்தப் பழைய பட்டையைச் சூடாக்கி உரிக்கத் தொடங்கினோம்.

இடது பக்கப் பின் கதவுக்குக் கீழே ஸ்டிக்கரோடு சேர்ந்து பெயின்ட்டும் வந்தது. பெயின்ட்டுக்குக் கீழே பட்டி. விரலால் அழுத்தியதும் பட்டி உள்ளே போனது. துருவைத் தட்டி எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அளவுக்குத் தகடே இல்லை.

அந்த இடத்துக்கு உள்ளே போகும் தண்ணீர் வடிவதற்காக அடியில் சிறு துளைகள் இருக்கும். ஸ்டிக்கரை அடிவரை மடித்து ஒட்டி அந்தத் துளைகளையும் அடைத்திருந்தார்கள். ஸ்டிக்கர் துருவை நிறுத்தாது. ஓரத்தால் போகும் உப்புத் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே பளபளவென்று நிற்கும். இது வெறும் ஓரமும் அல்ல. காரின் பக்கவாட்டுப் பலம் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. பக்கத்தால் இன்னொரு வாகனம் வந்து மோதினால் தாங்குவது அதுதான். டயர் மாற்ற ஜக் வைப்பதும் அதன் அடியில்தான். நான்கு வருடம் எங்கள் பிள்ளைகள் அந்தக் கதவால்தான் ஏறி இறங்கினார்கள்.

அன்று பின்னேரம் புரோக்கர் வந்தார். குனிந்து பார்த்தார். கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

"இதுக்கு ஏன் சேர் யோசிக்கிறீங்க? ஸ்டிக்கர் மிச்சம் கிடக்குத்தானே. நல்லாப் பட்டியப் போட்டு மேல ஒட்டி உடுங்க. ரெண்டு வருசத்துக்கு ஒண்டும் தெரியாது. உங்களுக்கு வித்த ஆளும் அப்பிடித்தானே செஞ்ச?"

அவர் கெட்ட மனிதரல்ல. எங்களுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது மாதிரியும் இருந்தது. நாங்கள் புதிதாக எதையும் மறைக்கப்போவதில்லை, இருந்த ஸ்டிக்கரைப் புதிதாக ஒட்டப்போகிறோம், அவ்வளவுதானே. எங்களை ஏமாற்றியவரைத் தேடிப்போய்க் காசு கேட்கவும் முடியாது. தங்கச்சி வீட்டுக்குக் கம்பி வாங்க நாள் குறித்தாயிற்று. மேஸனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. இரவு இஷாவுக்குப் பிறகு மேசையில் கொப்பியை விரித்து வைத்து இரண்டு பேரும் கணக்குப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் எவ்வளவு குறையும், எத்தனை மூடை சீமெந்து குறையும் என்று எழுதிப் பார்த்தோம். எங்களில் ஒருவர் சொன்னார்: "வாங்குற ஆளும் பார்த்துத்தானே வாங்கப் போறார்." மற்றவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாங்களும் பார்த்துத்தானே வாங்கின" என்றார்.

அதற்கு மேல் பேச இருக்கவில்லை.

ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் பட்ட சம்பவத்தை நாங்கள் எல்லாரும் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். நனைந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததுதான் கண்டிக்கப்பட்டது. இதை வகுப்பில் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் வீட்டுப் போர்ச்சில், கையில் ஸ்டிக்கர் ரோலோடு நிற்கும்போதுதான் அது எவ்வளவு பாரமான பாடம் என்று விளங்கியது. குறையை மறைத்து விற்றால் வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்று பிக்ஹில் இருக்கிறது. நம் ஊர்களில் வாகனம் வாங்கி ஏமாந்த எத்தனை பேர் அந்த உரிமையைக் கேட்டு வாசலுக்குப் போயிருக்கிறார்கள்? போனால்தான் யார் கதவைத் திறப்பார்?

அடுத்த நாள் டிங்கர் பாஸிடம் கொண்டுபோனோம். துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணி, உள்ளுக்கும் துரு பிடிக்காத பூச்சு அடித்து, தண்ணீர்த் துளைகளைத் திறந்துவிட்டார். 45,000 ரூபாய் முடிந்தது. வெளியே பிரைமர் மட்டும் அடிக்கச் சொன்னோம். மற்ற எல்லா இடமும் புதுக் கறுப்பு, அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ஓட்டை இருந்த படம், வெட்டிய படம், தகடு வைத்த படம் எல்லாவற்றையும் போனில் வைத்துக்கொண்டோம்.

முதலில் வந்த இரண்டு பேர் அதைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். "இவங்களே இவ்வளவு சொல்றாங்க எண்டா இன்னும் என்னென்ன இருக்குமோ" என்று ஒருவர் கேட்டுக்கு வெளியே சொன்னது எங்கள் காதில் விழுந்தது. உண்மையைச் சொன்னால் உடனே மதிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். சந்தேகப்படுவார்கள். ஏமாந்து ஏமாந்து நம் சனம் அப்படிப் பழகிவிட்டது.

மூன்றாவதாக வந்தவர் கட்டாரிலிருந்து திரும்பி வந்த ஒரு தம்பி. வாடகைக்கு ஓட்டப்போவதாகச் சொன்னார். கர்ப்பிணிகளும் வயசானவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிற கார். எல்லாப் படத்தையும் காட்டினோம். டிங்கர் பாஸின் நம்பரையும் கொடுத்தோம். அவர் போய்ப் பேசிவிட்டு வந்து, நாங்கள் நினைத்திருந்த விலையில் இரண்டரை இலட்சம் குறைத்துக் கேட்டார். பேசிப் பார்த்தோம், ஏறவில்லை. கொடுத்துவிட்டோம்.

காசைத் தந்த பிறகு அந்தத் தம்பி கேட்டார்: "சேர், அந்த இடத்தையும் ஒட்டித் தருவீங்களா? மற்றப் பக்கம் வடிவா இருக்கு." அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு வந்தார். பெயின்ட் அடித்துக் காய்ந்திருந்த இடத்தில் மூன்று பேருமாக ஒட்டினோம். அவர் ட்ரையரைப் பிடித்தார். அடியில் துளைகளை விட்டு ஒட்டச் சொல்லிக் கொடுத்தோம். நீங்கள் பார்த்த படம் அன்று எடுத்தது. அதே கறுப்பு, அதே இடம். என்ன இருக்கிறது என்று உரியவருக்குத் தெரிந்த பிறகு ஒட்டினால் அது அலங்காரம். தெரிவதற்கு முன் ஒட்டினால் அது மோசடி. வித்தியாசம் அவ்வளவுதான்.

தங்கச்சி வீட்டுக்கு மாரிக்கு முன் முழுப் பிளேட்டும் போட முடியவில்லை. முன்னறை இரண்டுக்கும் போட்டோம். குசினிப் பக்கம் இப்போதைக்குத் தகரம். காரணத்தைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒழுகினா ஒங்கட வீட்டுச் சட்டிதான் எடுத்து வைப்பன்" என்றாள். எடுத்து வைக்கட்டும். அல்ஹம்துலில்லாஹ்.

பழைய வாகனம் வாங்கப்போகிறவர்களுக்குச் சில விடயங்கள். கீழ்ப் பகுதியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஏன் ஒட்டியது என்று கேளுங்கள். ஒரு மூலையை உரித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஸ்டிக்கர் மெல்லியது, கீழே தகடு இருந்தால் காந்தம் பிடிக்கும். தடிப்பாகப் பட்டி போட்ட இடத்தில் பிடிக்காது. பெருவிரலால் ஓரமெல்லாம் அழுத்திப் பாருங்கள். குனிந்து தண்ணீர்த் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

விற்கப்போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. வாங்க வருபவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். காசு குறையும், குறைகிறதுதான். ஆனால் அந்தக் கார் நம் தெருவிலேதான் ஓடப்போகிறது, அதில் நம் ஆட்கள்தான் ஏறப்போகிறார்கள்.

ஒட்டும் வேலையில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம். ஸ்குவீஜி இரவல் வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள். நூல் டேப்பும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அல்லாஹ் எல்லாருடைய கொடுக்கல் வாங்கலிலும் பரக்கத் செய்வானாக.